அடுத்தவர் பிள்ளை அடிக்கடி பாஸ்ட் ஃபுட் சாப்பிட்டால் நாம் என்ன செய்வது?

குழந்தைகள் மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். தங்கள் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்களில் பலர், பேச்சு முடிந்து எழுந்த பிறகு, கதவில் கை வைத்தபடி இன்னொரு பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள். "எங்க அண்ணன் பசங்களுக்கு வாரத்தில் பாதி நாள் பர்கரும் பீட்சாவும்தான். பார்க்கவே கஷ்டமா இருக்கு. அண்ணிகிட்ட எப்படிச் சொல்றது?" சிலர் கேள்வியாகக் கேட்பதில்லை. "பெத்தா மட்டும் போதுமா?" என்று தீர்ப்பாகவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். நின்றபடி சொல்லி முடிக்க முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன். அடிக்கடி பாஸ்ட் ஃபுட் சாப்பிடுவது குழந்தைக்கு நல்லதல்ல. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெற்றவர்களைக் குறை சொல்வதால் அந்தக் குழந்தையின் தட்டில் எதுவும் மாறி நான் பார்த்ததில்லை. அவர்கள் மறைக்கத் தொடங்குகிறார்கள். மறைக்கத் தொடங்கிவிட்டால் எங்களைப் போன்றவர்களால்கூட அந்தப் பிள்ளைக்கு உதவ முடியாமல் போகிறது.

பார்த்தது எவ்வளவு என்று முதலில் எண்ணுங்கள்

மனதில் அந்தக் கோபம் எழும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் கண்ணால் பார்த்தது எத்தனை வேளை? பள்ளி வாசலில் ஒரு காகிதப் பையைப் பார்த்திருப்பீர்கள். காரின் பின் இருக்கையில் காலி டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளையே "நேத்தும் பீட்சா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு குழந்தை நாளுக்கு மூன்று வேளையும் இடையில் இரண்டு தடவை தீனியும் சாப்பிடுகிறது என்றால், வாரத்துக்கு முப்பத்தைந்து தடவை. நீங்கள் பார்த்தது அதில் இரண்டோ மூன்றோ. மீதியை நிரப்பியது நம் கற்பனை.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: அது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியுமா? மற்றவர் செய்யும் காரியத்துக்கு அவருடைய குணத்தையே காரணமாக்குவதும், அவர் இருக்கும் சூழ்நிலையை மறந்துவிடுவதும் மனித மூளையின் பழைய வழக்கம். 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் சொந்தக் கருத்து என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று இவருக்கு உத்தரவு போடப்பட்டது" என்று சொல்லிக் கொடுத்தபோதும்கூட, எழுதியவர் மனதில் அந்தக் கருத்து ஓரளவாவது இருக்கும் என்றே படித்தவர்கள் நினைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1977-இல், லீ ராஸ் இந்த வழுக்கலுக்கு அடிப்படைக் காரணப் பிழை என்று பெயர் வைத்தார். நாம் நம் பிள்ளைக்குப் பர்கர் வாங்கிக் கொடுத்தால் "இன்னைக்கு ரொம்ப அலைச்சல்" என்கிறோம். அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் "சோம்பேறி" என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்தப் பிழைதான்.

ஆகவே, சோம்பேறி என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும்போது, அதற்குப் பதிலாக வேறு மூன்று காரணங்களையாவது யோசித்துப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்க வசதியாக, என் அறையில் நான் கேட்பவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். இரவு ஷிஃப்ட் வேலை. அடுப்பே இல்லாத வாடகை அறை. வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். பிரிந்து வாழும் அப்பாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்கக் கிடைக்கிறது. அவர் கூட்டிக்கொண்டு போகும் இடம் பாஸ்ட் ஃபுட் கடை. அந்த ஒரு சாயங்காலத்தைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பணமும் இதில் புகுந்துகொள்கிறது, நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. ஏழை வீடுகளில்தான் பாஸ்ட் ஃபுட் அதிகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்க அரசின் கணக்கெடுப்பில், 2013 முதல் 2016 வரை, ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் பெரியவர்களில் 36.6 சதவீதம் பேர் பாஸ்ட் ஃபுட் சாப்பிட்டிருந்தார்கள். வருமானம் கூடக்கூட அந்த எண்ணிக்கையும் கூடியது. வசதியானவர் வாங்கும்போது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

வருமானம் குறைந்த வீடுகளில் நடப்பது வேறு கதை. கெய்ட்லின் டேனியல் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் பகுதியில் குடும்பங்களோடு பேசி, அவர்கள் கடைக்குப் போகும்போது கூடவே போய் ஆராய்ந்து, 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். அத்தனை தடவையும் அது குப்பைக்குப் போகும். காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் அம்மாவுக்கு அந்தக் குப்பை கட்டுப்படியாகாது. பிள்ளை நிச்சயமாகச் சாப்பிடும் என்று தெரிந்ததையே வாங்குகிறார். அது பெரும்பாலும் காரம் இல்லாத, மொறுமொறுப்பான, எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்று. நான் அச்சடித்துக் கொடுக்கும் காய்கறிப் பட்டியலில் இந்தச் செலவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பிரியா ஃபீல்டிங்-சிங் என்ற இன்னொரு சமூகவியலாளர் கலிஃபோர்னியாவில் குடும்பங்களோடு பேசிக் கண்டது இன்னும் நெஞ்சைத் தொடும். பிள்ளை கேட்கும் எல்லாவற்றுக்கும் "முடியாது" என்றே சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் பெற்றோருக்கு, ஒரு பாக்கெட் சிப்ஸோ ஒரு பர்கரோ "சரி" என்று சொல்லக் கிடைக்கும் அபூர்வமான வாய்ப்பு. சுற்றுலா முடியாது, புது ஷூ முடியாது, இது முடியும். நீங்கள் அலட்சியம் என்று நினைத்தது அவர் கணக்கில் பாசம்.

சிவப்பு டப்பாக்கள்

ஒரு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன். சாப்பிடும் உணவுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று, குறிப்பிட்ட ஒரு கடையின் பிரெஞ்ச் ஃபிரைஸ். வேறு கடையில் வாங்கினால் தொட மாட்டான். வீட்டில் செய்ததில் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும், ஒன்று கருகியும் ஒன்று வெளுத்தும் இருக்கும். கடையில் வாங்குவதில் அந்தச் சிக்கல் இல்லை. இன்றைக்கும் நாளைக்கும் அதே உப்பு, அதே வாசனை, கடித்தால் அதே சத்தம். உலகமே இரைச்சலாகவும் குழப்பமாகவும் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரே மாதிரித்தன்மை பெரிய நிம்மதி. சாப்பாட்டின் வாசனை, தொடு உணர்வு, நிறம் காரணமாகவே பெரும்பாலான உணவுகளை ஒதுக்கி, அதனால் எடையும் சத்தும் குறைந்துபோகும் நிலை 2013 முதல் மருத்துவ வகைப்பாட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. வெறும் அடம் என்று யாரும் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

அவனுடைய அம்மா அந்தக் கடையின் சிவப்பு டப்பாக்களைத் தூக்கிப் போடுவதில்லை. எண்ணெய் படாத டப்பாக்களைத் தட்டையாக மடித்து சமையலறை இழுப்பறையில் அடுக்கி வைப்பார். வீட்டில் வாட்டிய உருளைக்கிழங்கில் இரண்டே இரண்டு துண்டை, கடையில் வாங்கியதோடு கலந்து அந்த டப்பாவில் வைத்துக் கொடுப்பார். அது பழகியதும் மூன்று துண்டு. டப்பா கசங்கினால், கறை பட்டால், புதிது வேண்டும்; அதற்காகவும் கடைக்குப் போவார். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு என்ன தெரியும்? வாரத்தில் பல தடவை பிள்ளைக்கு ஃபிரைஸ் வாங்கும் ஒரு அம்மா தெரிவார். நான் சந்தித்த பெற்றோரில் இவ்வளவு பொறுமையாகச் சாப்பாட்டுக்காக உழைத்தவர்கள் குறைவு.

டப்பாவுக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்காதீர்கள். 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராபின்சனும் குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள்: ஒன்று வெறும் உறையில், ஒன்று மெக்டொனால்ட்ஸ் உறையில். பெரும்பாலான உணவுகளில் மெக்டொனால்ட்ஸ் உறையில் இருந்ததே ருசி என்றார்கள் குழந்தைகள். கேரட்டுக்கும் அதே பதில்தான். ஒரு வீட்டில் ஓர் அம்மா தனியாக எதை எதிர்த்து நிற்கிறார் என்பதை இந்தக் கேரட் சொல்லிவிடுகிறது.

கெடுதல் எது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

குறை சொல்பவர்களில் பலருக்கு எது உண்மையிலேயே கெடுதல் என்பது தெரிவதில்லை. பொத்தாம்பொதுவாக "குப்பை" என்கிறார்கள். அக்கறை இருந்தால் விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தட்டில் நான் முதலில் பார்ப்பது பர்கரை இல்லை, பக்கத்தில் இருக்கும் குளிர்பானத்தை. 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. இரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்னது. ஒரே கேனில் அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. மென்று சாப்பிடும் உணவு போல வயிற்றையும் அது நிரப்புவதில்லை.

அடுத்தது உப்பு. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு சீஸ் பர்கரும் சிறிய அளவு ஃபிரைஸும் சேர்ந்தால், ஆறு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் கணக்கில் பாதி போய்விடலாம். மூன்றாவது, நார்ச்சத்து இல்லாதது. மலச்சிக்கலோடு எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு இதுதான் கதை.

எப்போதாவது ஒரு நாள் சாப்பிடுவதற்கும் வாரம் முழுக்கச் சாப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வாரத்தின் மற்ற வேளைகள் எப்படி இருக்கின்றன என்பதே முடிவு செய்யும். அதுதான் உங்களுக்குத் தெரியாத பகுதி. அப்புறம், பிள்ளையின் உடம்பைப் பார்த்து கணக்குப் போடாதீர்கள். குண்டாக இருக்கும் பிள்ளை வீட்டுச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுவதாக இருக்கலாம். ஒல்லியாக இருக்கும் பிள்ளை கூல்டிரிங்க்ஸிலேயே வளரலாம்.

மூன்று நாள் தாள்

முதலில் "மறைக்கத் தொடங்குகிறார்கள்" என்று சொன்னேன் அல்லவா, அது எப்படி நடக்கிறது என்று காட்டுகிறேன்.

புதிதாக வரும் குடும்பத்துக்கு ஒரு தாள் கொடுப்போம். இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். மூன்று நாளும் பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எங்கே என்று நான்கு கட்டங்களில் எழுதி வர வேண்டும். உண்மையாக எழுதிய தாளைப் பார்த்தாலே தெரியும். ஒரு நாள் நீலப் பேனா, ஒரு நாள் பென்சில், ஓரத்தில் ஏதோ குழம்புக் கறை, நடுவில் ஒரு வேளை விட்டுப்போயிருக்கும். பயந்து எழுதிய தாள் சுத்தமாக இருக்கும். மூன்று நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். வெளியே காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. காலையில் பழம், மதியம் காய், ராத்திரி சூப். "எங்கே" என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை "வீடு", "வீடு", "வீடு".

அப்படி ஒரு தாளோடு மலச்சிக்கல் உள்ள ஒரு சிறுமி வந்தாள். தாளின்படி அவளுக்கு நார்ச்சத்துக்குக் குறைவே இல்லை. சாப்பாட்டில் காரணம் இல்லை என்றால் மருத்துவர் வேறு காரணம் தேடத்தான் வேண்டும். மருந்தின் அளவு கூடியது. தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை, கோதுமை ஒவ்வாத நோய்க்கு ரத்தப் பரிசோதனை. அந்தச் சிறுமி ஊசிக்கு அலறியது வராந்தா வரை கேட்டது. சில வாரம் கழித்து அம்மா தனியாக வந்து உட்கார்ந்து சொன்னார்: "மேடம், அன்னைக்கு என் நாத்தனாரும் கூட வந்திருந்தாங்க. அவங்க பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துட்டிருக்கும்போது, ராத்திரி வேலை முடிஞ்சு வரும்போது பர்கர் வாங்கிட்டு வர்றேன்னு எப்படி எழுதுவேன்?"

நாத்தனார் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார். அவர் முகச்சுளிப்பின் விலையை அந்தப் பிள்ளையின் கை கொடுத்தது.

இது உங்கள் விஷயமா?

முன்பின் தெரியாதவர் என்றால் பதில் எளிது: ஒன்றும் சொல்லாதீர்கள், பார்க்கவும் பார்க்காதீர்கள். உணவகத்தில் பக்கத்து மேசையைப் பார்த்து முகத்தைத் திருப்புவதுகூட அந்தப் பிள்ளைக்குப் புரியும்.

தோழி, பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர் என்றால், அவர்களாகக் கேட்டால் மட்டும் பேசுங்கள். அவர்கள் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் பிள்ளைக்கு வைப்பதையே வையுங்கள். "உங்க வீட்ல இதெல்லாம் செய்ய மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி சாயங்காலத்துக்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். 2017-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை நடத்திய கருத்துக் கணிப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களில் 61 சதவீதம் பேர், பிள்ளை வளர்ப்புக்காகத் தங்களை யாராவது குறை சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். கண்டிப்பு பற்றிய குறைகள் முதலிடம், சாப்பாடு இரண்டாமிடம். குறை சொன்னவர்களில் முன்னால் நின்றவர்கள் அவரவர் பெற்றோர், கணவர், மாமனார் மாமியார். தெருவில் போகிறவர் சொல்வதை உதறிவிடலாம். தினமும் முகம் பார்க்கும் மனிதர் சொல்வதை எங்கே உதறுவது?

ஆனாலும் பாட்டி, தாத்தா, அத்தை, சித்தி என்று பிள்ளையை வளர்ப்பதில் உண்மையாகவே பங்கு எடுத்துக்கொள்பவராக இருந்தால் நீங்கள் பேசலாம். பேசத்தான் வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது.

பேசுவது எப்படி

பிள்ளை அருகில் இல்லாத நேரமாகப் பாருங்கள். கையில் அந்தப் பை இருக்கும் நேரத்தில் பேசாதீர்கள். அப்போது எதைச் சொன்னாலும் குற்றச்சாட்டாகவே கேட்கும். "நல்லதுக்குத்தான் சொல்றேன்", "தப்பா எடுத்துக்காதீங்க", "நாங்கள்லாம் அந்தக் காலத்துல" என்ற மூன்றையும் அறவே விடுங்கள். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் காதை மூடிக்கொள்வார். தன் விருப்பத்தை யாரோ பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர்கள் அதையே இறுகப் பிடிப்பார்கள் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-லேயே விளக்கியிருக்கிறார்.

மதுப் பழக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும்போது வில்லியம் மில்லர் உருவாக்கி 1983-இல் எழுதிய உரையாடல் முறை ஒன்று உண்டு. இன்று உணவு, உடற்பயிற்சி, மருந்து என்று எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்துகிறோம். அதன் அடிப்படை மிக எளிது: முதலில் கேள், பிறகு அனுமதி வாங்கு, அப்புறம் ஒன்றே ஒன்று சொல், முடிவை அவரிடமே விடு. வீட்டுப் பேச்சில் அது இப்படி இருக்கும்.

"அண்ணி, சாயங்காலம் நீங்க வர்ற வரைக்கும் பசங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?"

"எங்க சமாளிக்கிறது? நான் வீட்டுக்குள்ள நுழையும்போதே ஏழு மணி. சின்னவன் பசியில அழுதுட்டிருப்பான். அடுப்பு பத்த வச்சு செய்யுறதுக்குள்ள தூங்கிடுவான். அதான் வர்ற வழியிலயே வாங்கிட்டு வந்துடுறேன்."

"அதுவும் சரிதான். ரொம்ப கஷ்டம். ஒண்ணு சொல்லவா அண்ணி? வேண்டாம்னா விட்டுடலாம்."

"சொல்லு."

"வாங்குறதை அப்படியே வாங்குங்க. கூல்டிரிங்க்ஸ் மட்டும் இல்லாம வாங்கிப் பாருங்க. பாதிப் பிரச்சனை அதுலதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை நான் சீக்கிரம் வந்துடுறேன், அன்னைக்கு ரெண்டு பேரும் எங்க வீட்டுலயே சாப்பிடட்டும். நீங்க நேரா இங்க வந்துடுங்க."

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் கேள்வியிலேயே காரணம் வெளியே வந்துவிட்டது: சமைக்கத் தெரியாததும் இல்லை, அக்கறை இல்லாததும் இல்லை, ஏழு மணிப் பசி. காரணம் தெரியாமல் சத்தான சமையல் குறிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த அண்ணிக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். இரண்டாவது, "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று நிறுத்தாமல், எந்தக் கிழமை, யார் வீடு என்று சொல்லியிருக்கிறது. களைத்துப்போன மனிதர் உதவி கேட்க மாட்டார். கிழமையோடு வரும் உதவியை மறுக்கவும் மாட்டார்.

அவர் "வேண்டாம், விடு" என்று சொன்னால் விட்டுவிடுங்கள். முகம் கோணாமல் விட்டால்தான் இன்னொரு நாள் அவரே வருவார்.

உங்கள் பிள்ளை கேட்கும்போது

"அவனுக்கு மட்டும் தினமும் பர்கர், எனக்கு ஏன் இல்லை?" என்று உங்கள் பிள்ளை கட்டாயம் கேட்கும். "அவங்க அம்மாவுக்குச் சரியா வளர்க்கத் தெரியலை" என்று சொன்னால், மறுநாள் வகுப்பில் அதை அப்படியே சொல்லும். அந்தப் பிள்ளை தன் டப்பாவைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும். "ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதிரி. நம்ம வீட்டில் இப்படி" என்பது போதும். "விஷம்", "குப்பை" என்ற சொற்களும் வேண்டாம். கண் எதிரே வைத்துவிட்டுத் தொடக்கூடாது என்று தடுத்த உணவின்மேல் பிள்ளைகளின் ஆசை கூடுவதை ஜெனிஃபர் ஃபிஷரும் லீன் பிர்ச்சும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மாதத்தில் ஒரு நாள் நீங்களே கூட்டிப்போய் நிம்மதியாக வாங்கிக் கொடுங்கள்.

பேசாமல் இருக்கக் கூடாத சமயம்

பிள்ளை எப்போதும் பசியோடு இருக்கிறது, எடை குறைந்துகொண்டே போகிறது, ஓயாமல் தாகம் எடுத்து அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது, சாப்பாட்டைப் பையில் ஒளித்து வைக்கிறது, விழுங்கப் பயப்படுகிறது என்றால் தயங்காதீர்கள். பெற்றவர்களிடம் நேராக, அன்றே சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கவனிக்க ஆளே இல்லாமல் பிள்ளை வாடுகிறது என்று தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். இவை பர்கரைப் பற்றிய விஷயங்கள் இல்லை. வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் பிள்ளைக்கும் இதே அறிகுறிகள் வரலாம்.

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோவது

இவ்வளவு படித்த பிறகும் கோபம் மிச்சம் இருந்தால், நல்லது. அதற்குச் சரியான இடம் இருக்கிறது.

சிலி நாடு 2016-இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி வரம்பு மீறிய பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. அப்படிப்பட்ட பொருளைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. சிறு பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன்களைப் பாக்கெட்டில் போடக் கூடாது. அதன் பிறகு, முத்திரை குத்தப்படும் அளவுக்குச் சர்க்கரை உள்ள பானங்களை வீடுகள் வாங்குவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு சொன்னது. எந்த அம்மாவையும் யாரும் திட்டவில்லை. வாங்கும் இடம் மாறியது, வாங்குவது மாறியது.

சட்டம் போடும் இடத்தில் நாம் இல்லை. பள்ளிக் கூட்டத்தில் இருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது மூன்று விஷயத்தைக் கேளுங்கள். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைக்குப் பரிசாக ஏன் பர்கர் கூப்பன்? விளையாட்டு விழாவுக்குக் குளிர்பான நிறுவனத்தின் பேனர் ஏன்? குடிநீர்க் குழாய் வேலை செய்கிறதா, தண்ணீர் குளிர்ச்சியாக வருகிறதா? மூன்றாவதில் தொடங்குங்கள். அதற்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள், அந்த வாரமே சரிசெய்யவும் முடியும். கூட்டத்துக்கு வர நேரமில்லாத அந்த அண்ணியின் பிள்ளைகளும் அதே குழாயில்தான் குடிப்பார்கள்.